சூப்பர்வைசர் இல்லாத கம்பெனி

வா கண்ணு, குந்து. ஆஃபர் லெட்டரு வந்துட்டுதுன்னு உங்க ஆயா திருமுல்லைவாயல் முழுக்கச் சொல்லிகினு வர்றா. பெங்களூருல கேம் கம்பெனியாம், பேரன் நாளெல்லாம் வெளையாடிகினே சம்பளம் வாங்கப் போறானாம். நான் மறுத்து ஒண்ணும் சொல்லல. பத்தாவது படிக்கச்சொல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள போனை வச்சிகினு நீ செஞ்ச அதே வேலைக்குத்தான் இப்ப காசு குடுக்கறாங்க. அப்ப உங்கப்பன் வுட்ட அறைக்கெல்லாம் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டு வாங்கி வச்சிருக்கலாம், போச்சு.

நேத்து சாப்பிடச்சொல்ல ஒண்ணு சொன்ன பாரு, "தாத்தா, அங்க பாஸே கெடையாது, எல்லாரும் சமம்"னு. அதுலதான் எனக்கு மோரு சோறு எறங்கல. வேலைக்குச் சேர்ந்த நாள்லயிருந்து ரிட்டயர்டு ஆகற வரைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுலயே கெடந்தவன் நானு. பாஸ் இல்லாத எடம் ஒண்ண நான் பாத்ததில்ல. டாஸ்மாக் கடையிலகூட கம்பிக்கு அந்தப்பக்கம் ஒருத்தன் குந்திகினு இருக்கறான்.

சரி, இந்த வித்தை எங்கேருந்து கெளம்புச்சுன்னு கேட்டேன். நீயும் போனைத் தொறந்து, அமெரிக்காவுல வால்வ்னு ஒரு கம்பெனி, புதுசா வர்றவனுக்கு அது குடுக்கற கையேடுன்னு படிச்சுக் காட்டின. வால்வ்னதும் நான் பம்புசெட்டு வால்வுன்னுதான் நெனைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மைக்ரோசாஃப்ட்டை வுட்டு வந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன்னு ரெண்டு பேரு 1996ல ஆரம்பிச்சது. ஹாஃப் லைஃப்னு துப்பாக்கி ஆட்டம் போட்டுப் பேரு வாங்கினாங்க. 2003ல ஸ்டீம்னு ஒரு கடை தொறந்தாங்க. அந்தக் கடையில வந்து ஆட்டம் விக்கறவன் பொதுவா நூத்துக்கு முப்பது ரூவா கமிஷன் வச்சிட்டுப் போவணும். கோயம்பேட்டு மண்டியில எடுக்கற கமிஷனுக்கே நம்ம பக்கத்து கீரைக்காரன் தலையில அடிச்சிக்கறான்.

அந்தக் கையேடு 2012ல வெளிய வந்து ஒலகமெல்லாம் சுத்திச்சாம். அதும்படி அங்க யாரும் யாருக்கும் கீழ கெடையாது. இன்ன வேலை செய்யின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நீயா ஒரு வேலையைத் தேடிக்கணும். மேசைக்குக்கூட சக்கரம் வச்சிருப்பாங்க. எந்தக் கூட்டத்தோட வேலை செய்யணும்னு தோணுதோ அந்தப் பக்கம் தள்ளிகினு போயிடலாம். ஒயரைப் புடுங்கு, மேசையைத் தள்ளு, ஒயரைச் சொருவு, வேலையைப் பாருன்னு படம் வேற போட்டிருக்குது. மொதலாளிதான் இருக்கறதுலயே உனக்கு அதிகமா மேலதிகாரி இல்லாதவருன்னு குறும்பா எழுதியிருக்காங்களாம். படிச்சுக் காட்டிட்டு நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன், ஆனா வேற எடத்துல. எனக்கு அந்தப் பாக்கியம் இருந்திருந்தா என் லேத்தைத் தள்ளிகினு போய் கேன்டீன் வாசல்லயே நிறுத்தியிருப்பேன். எங்க ஷாப்புல முக்கால்வாசிப் பேரு அங்கதான் நின்னிருப்பான். டீபரிங் பண்ணி பிசுரு தட்டற எடத்துல ஒரு ஈ காக்கா இருந்திருக்காது.

அங்கயும் அதுதான் நடந்துச்சு. ஹாஃப் லைஃப் ஆட்டத்துல எபிசோட் 2 வந்தது 2007ல. மூணு வரும் வரும்னு காத்துகினு இருந்த பசங்களுக்குக் கல்யாணம் ஆகி புள்ளை குட்டியே பொறந்துட்டுது, அது வரவே இல்ல. நடுவுல எத்தினியோ ஆட்டம் ஆரம்பிச்சாங்க, மேசை நகர்ந்துகினே இருந்துச்சு, ஒண்ணொண்ணா பாதியில நின்னுச்சு. கடைசியில எல்லாரும் ஒரே வேலைக்கு வந்து குந்தினப்பறம்தான் 2020ல ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்னு ஒண்ணு வெளிய வந்துச்சு. அவங்க ஆளுங்களே அப்ப இத்த ஒத்துகினாங்க.

ஏன் அத்தினி வருஷம் கம்பெனி மூடல? அங்கதான் கண்ணு சூட்சுமம் இருக்குது. வேலை முடியுதோ முடியலையோ, ஸ்டீம் கடையில கமிஷன் கொட்டிகினே இருந்துச்சு. அந்தக் காசுலதான் மேசைக்குச் சக்கரமே ஓடுது. வாடகை வர்ற வூட்டுக்காரன் திண்ணையில குந்தி வேதாந்தம் பேசலாம். உன் கம்பெனிக்கு அந்த மாதிரி ஒரு கடை இருக்குதா, இல்ல வர்ற ஒரே ஆட்டத்தை நம்பி எல்லாரும் குந்திகினு இருக்கறானான்னு மொதல்ல விசாரி. கடை இல்லாதவன் சக்கரம் மட்டும் வாங்கி மாட்டினா அது தள்ளுவண்டி.

அடுத்தது சம்பளம். பாஸ் இல்ல சரி, இன்கிரிமென்டு எவன் போடுவான்னு கேட்டேன். கூட வேலை செய்யறவங்களே ஒருத்தரை ஒருத்தரு எடை போட்டு, மேலேருந்து கீழ வரைக்கும் வரிசை கட்டுவாங்க, அதை வச்சித்தான் சம்பளம்னு நீ சொன்ன. அடப்பாவி! ஒரு சூப்பர்வைசருக்குப் பயந்துகினு இருந்தது போயி, இப்ப பக்கத்து மேசைக்காரன், எதிர் மேசைக்காரன், டீ குடிக்கக் கூட வர்றவன் எல்லாரும் சூப்பர்வைசரா? ஒருத்தனுக்கு வணக்கம் போட்டாப் போதும்னு இருந்தது, இனி ஹாலு முழுக்கப் போடணும். காக்கா புடிக்கறதுக்கே தனி ஷிஃப்டு வேணும்.

இதைப் பத்தி அம்பத்தூருக்குப் பக்கத்துல நம்ம பாடியில அன்னைக்கே பேசியாச்சு. டெமிங்னு ஒரு அமெரிக்காக்காரரு, தரக் கணக்கு சொல்லிக் குடுக்க 1950ல ஜப்பானுக்குப் போனவரு. அவரு பேருல ஜப்பான்காரன் 1951ல ஒரு பரிசு வச்சான். 1998ல அந்தப் பரிசு மொதமொதல்ல இந்தியாவுக்கு வந்தது எங்க தெரியுமா, நம்ம பாடிக்குத்தான், சுந்தரம் கிளேட்டனுக்கு. அப்புறம் 2001ல சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004ல லூகாஸ் டிவிஎஸ்னு இந்த ரோட்டுலயே வரிசையா வாங்கினாங்க. அந்த டெமிங்கு, கம்பெனியைக் கொல்ற வியாதின்னு ஏழு எழுதி வச்சிருக்காரு. அதுல ஒண்ணு, வருஷா வருஷம் ஆளை எடை போட்டு மார்க்கு குடுக்கறது. மார்க்கு போட ஆரம்பிச்சா ஒருத்தன் வேலையில இன்னொருத்தன் கை வைக்க மாட்டான், ஒத்தாசை செத்துப்போவும்னாரு. அவரு நாட்டுக்காரனே அவரு பேச்சைக் கேக்கல, அது அவன் தலையெழுத்து.

அந்தக் காலத்துல எஸ்டேட்டு முழுக்க ஜப்பான் பைத்தியம் புடிச்சிகினு இருந்துச்சு. எங்க சின்ன கம்பெனியிலயும் குவாலிட்டி சர்க்கிள்னு வாரத்துக்கு ஒருதரம் குந்த வச்சாங்க. ஆறு பேரு, ஒரு போர்டு, ஒரு தட்டு மிக்சரு. மொதல்ல மிக்சருக்காகத்தான் போனோம், ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது. அப்புறம் ஒரு நாளு, ரிஜெக்ஷன் ஏன் திங்கக்கெழமை மட்டும் ஏறுதுன்னு ஒரு ஹெல்பர் பையன் கண்டுபுடிச்சான். ஞாயித்துக்கெழமை மெஷினு நின்னா கூலன்ட் தண்ணி அடியில தங்கி நாறிப்போவுது, காலையில அப்படியே ஓட்டறோம்னு. மேனேஜரு அவன் எதிர்ல நின்னு நோட்டுல எழுதிகினாரு. அந்தப் பையனுக்கு மேசையே கெடையாது, அப்புறம் எங்கேருந்து சக்கரம்? ஆனா அன்னைக்கு அவன் பேச்சுக்கு மெஷினு நின்னுச்சு.

அந்த ஜப்பான் பேச்சுல ஒரு விஷயம் உண்டு. டொயோட்டாவுல லைன் ஓரமா ஒரு கயிறு தொங்குமாம். தப்பு கண்ணுல பட்டா எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். சரி பண்ண முடியலன்னா லைனே நிக்கும். சமம்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான். தோள்ல கைபோட்டு "ப்ரோ"ன்னு கூப்புடறது இல்ல. உன் கம்பெனியில அந்தக் கயிறு எங்க தொங்குதுன்னு பாரு.

வால்வுக்கு வருவோம், அங்க ஜெரி எல்ஸ்வொர்த்துன்னு ஒரு அம்மா, கை தேர்ந்த எலக்ட்ரானிக்ஸ்காரங்க, வேலை செஞ்சாங்க. 2013 ஆரம்பத்துல அவங்களையும் இன்னும் சில பேரையும் வேலையை வுட்டு அனுப்பிட்டாங்க. வெளிய வந்த அந்தம்மா சொன்னது இன்னான்னா, பாக்கறதுக்கு எல்லாரும் சமம், ஆனா உள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு மேலடுக்கு இருக்குது, பள்ளிக்கூடத்துல செல்வாக்கான புள்ளைங்க ஒரு கோஷ்டியா இருக்குமே அந்த மாதிரின்னு. எனக்கு ஆச்சரியமே இல்ல. மாமியார் இல்லாத வூட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பொண்ணைக் கேட்டுப்பாரு. மொத மாசம் சொர்க்கம்பா. அப்புறம்தான் தெரியும், மூத்த ஓரகத்தி ஒருத்தி, கட்டிக் குடுத்தும் போவாத நாத்தனா ஒருத்தி, அடுத்த தெரு சித்தி ஒருத்தி, ஆளுக்கு ஒரு சாவி இடுப்புல. மாமியாருன்னா சண்டை போடலாம், ஊரு நாட்டாமை கிட்ட சொல்லலாம், அவளுக்கும் மாமியாருன்னு ஒரு பேரு, ஒரு பொறுப்பு. ஓரகத்தியை இன்னான்னு சொல்லுவ? அவதான் சமமாச்சே!

பேருள்ள ஃபோர்மேன் திட்டுவான். எங்க ஃபோர்மேன் வாயைத் தொறந்தா பினாயில் ஊத்திக் கழுவணும். ஆனா ஒரு லாட்டு ஸ்கிராப் ஆச்சுன்னா ஜாப் கார்டுல கையெழுத்து அவனுது. மேல போயி நிக்கறதும் அவன்தான். கையெழுத்து போடாத அதிகாரம் இருக்குது பாரு, அதைத்தான் எங்க தேடிப் போய் மொறையிடறதுன்னு தெரியாது.

சமத்துவம்னா எங்களுக்கும் வருஷத்துல ஒரு நாளு உண்டு, ஆயுத பூசை. மொத நாளே மண்ணெண்ணெயில வேஸ்ட் துணியை நனைச்சு லேத் பெட்டைத் தொடைச்சு, சிப்ஸெல்லாம் வாரி, சந்தனம் குங்குமம் வச்சிடுவோம். வெர்னியர் காலிப்பரு, மைக்ரோமீட்டரு எல்லாம் தாம்பாளத்துல சாமியாட்டம் படுத்திருக்கும். டெம்போ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கேட்டு வாசல்ல பூசணிக்கா. மொதலாளி வேட்டி கட்டிகினு வந்து பொரி கடலையை அவரே அள்ளிக் குடுப்பாரு. ஹெல்பரு, மொதலாளி, கணக்குப்புள்ளை எல்லாரும் ஒரே ஜமக்காளத்துல குந்துவோம். ஸ்வீட் பாக்ஸைத் தொறந்து எண்ணிப் பாக்கறது மட்டும் ரோட்டுக்கு வந்தப்பறம். மறுநாள் டைம் ஆபீசுல மூணு நிமிஷம் லேட்டா போனா டோக்கன் போர்டைப் பூட்டியிருப்பாங்க. உன் கம்பெனிக்காரன் வருஷம் பூரா ஆயுத பூசைன்றான். இருக்கட்டும், டோக்கன் போர்டு எங்கன்னு பாத்து வச்சிக்க.

இந்தக் கூத்து இன்னைக்கு ஆரம்பிச்சது இல்ல. 1972ல நோலன் புஷ்னெல்னு ஒருத்தரு கூட்டாளியோட தொடங்கின அட்டாரி கம்பெனிதான் எல்லாத்துக்கும் ஆதி. வெந்நீர்த் தொட்டிக்குள்ள எறங்கி மீட்டிங் போட்டாங்களாம். மினிட்ஸ் புக்கை எங்க வச்சாங்களோ. அங்க ஸ்டீவ் ஜாப்ஸ் வேலைக்குச் சேர்ந்தாரு, அதே ஆப்பிள் ஜாப்ஸ்தான். பழம் மட்டும் சாப்ட்டா ஒடம்பு நாறாது, குளிக்க வாணாம்னு அவரு நம்பிகினு இருந்தாரு. கூட இருந்தவங்க மூக்கு அதை நம்பல. அதனால நைட் ஷிஃப்டுல போட்டாங்க. பாத்தியா, எவ்வளவு புதுமையான கம்பெனியா இருந்தாலும் பிரச்சனைக்குத் தீர்வு நைட் ஷிஃப்டுதான். 1974ல அவரு சாமியாரைத் தேடி இந்தியாவுக்கு வந்தாரு. அம்பத்தூருக்கு வந்திருந்தா நாங்களும் அதே ஷிஃப்டுதான் போட்டிருப்போம்.

2018ல புஷ்னெலுக்கு முன்னோடின்னு விருது குடுக்கறோம்னு அமெரிக்காவுல கேம் ஆளுங்க கூடற பெரிய மாநாட்டுல அறிவிச்சாங்க. அந்தக் காலத்து அட்டாரியில பொம்பளைங்களை நடத்தின விதத்தைச் சொல்லி நெறைய பேரு எதிர்த்துக் கேக்கவும் வாபஸ் வாங்கிட்டாங்க. தொட்டியில குந்தினவனுக்கு அது ஜாலி, காப்பி கொண்டாந்து நீட்டின பொண்ணுக்கு இன்னாவா இருந்துச்சுன்னு கேக்க நாப்பது வருஷத்துக்கு மேல புடிச்சுது.

அட்டாரியில இன்னொரு கதை, இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜாலியான கம்பெனின்னு பேரு, ஆனா ஆட்டம் எழுதினவன் பேரை டப்பா மேல போட மாட்டாங்க. வாரன் ராபினெட்டுன்னு ஒருத்தன், அட்வென்ச்சருன்னு ஒரு ஆட்டம் எழுதினான். அதுக்குள்ள யாருக்கும் சொல்லாம ஒரு ரகசிய ரூமு வச்சான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை எடுத்துகினு போனாத்தான் அது தொறக்கும். உள்ள, இதைப் பண்ணினது நான்னு அவன் பேரு. ஆட்டம் 1980ல கடைக்கு வந்துச்சு, வெளையாடின பையன் ஒருத்தன் கண்டுபுடிச்சு எழுதறதுக்குள்ள அவன் வேலையை வுட்டே போயிட்டான். நாங்களும் டூல் ரூமுல அப்படித்தான். ஃபிக்ஸ்சருக்கு அடியில, ஆயிலு படிஞ்சு யாரும் பாக்காத எடத்துல, லெட்டர் பஞ்ச்சால இனிஷியலைத் தட்டி வச்சிடுவோம். இன்னைக்கும் எங்கயாவது ஒரு ஷெட்டுல என் எழுத்து தலைகீழா தொங்கிகினு இருக்கும்.

அதே காரணத்துக்கு அட்டாரியை வுட்டு நாலு பேரு 1979ல வெளிய வந்தாங்க. பேரும் இல்ல, வித்த காசுல பங்கும் இல்லன்னு. அவங்க சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஆக்டிவிஷன். எழுதினவன் பேரை டப்பா மேல போட்டாங்க, ஆஹா ஓஹோன்னு இருந்துச்சு. பின்னால ஆளும் மாறி கையும் மாறி, பனிப்புயலுன்னு பேரு வச்ச பிளிசார்டு கம்பெனியையும் சேர்த்துகினு பெருசாச்சு. 2021ல கலிபோர்னியா சர்க்காரு அதே கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு, பொம்பளைங்களுக்குச் சம்பளத்துல பாகுபாடு, ஆபீசுக்குள்ள தொல்லைன்னு. 2023ல ஏறக்குறைய அஞ்சரை கோடி டாலருக்கு ராஜி ஆச்சு. அதே வருஷம் மைக்ரோசாஃப்டு அந்தக் கம்பெனியை வாங்குச்சு, அடுத்த ஜனவரியில கேம் பிரிவுல 1,900 பேருக்கு வேலை போச்சு. மருமவளா இருந்து அழுதுகினு வெளிய வந்தவதான் இப்ப சாவிக்கொத்தோட நிக்கறா.

அதனால உள்ள போன மொத வாரம் பீன் பேக்ல சாஞ்சிகினு இருக்காத. அங்க வேலை செய்யற பொண்ணுங்க கிட்ட மரியாதையா ரெண்டு வார்த்தை பேசு. ராத்திரி எத்தினி மணிக்குப் போறீங்க, யாரு வண்டி அனுப்பறாங்க, கம்ப்ளெயின்டு குடுத்தா யாரு வாங்குவாங்கன்னு. நம்ம எஸ்டேட்டுல எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேன்ல போற பொண்ணுங்களைக் கேளு, வாசல்ல போர்டு இன்னா சொன்னாலும் உள்ள இன்னா நடக்குதுன்னு ஒரே நிமிஷத்துல சொல்லிடும்ங்க.

இப்ப ஓட்டிக்கு, அதான் ஓவர்டைமுக்கு வர்றேன். நீ அதை க்ரன்ச்சுன்ற. கேக்கறதுக்கு முறுக்கு கடிக்கறாப்புல இருக்குது. ஆட்டம் வெளிய வர்றதுக்கு முன்னால மாசக்கணக்குல ராத்திரி பகலா குந்தறது. 2004ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியில வேலை செஞ்சவனைக் கட்டிக்கப் போற பொண்ணு ஒருத்தி பேரு போடாம ஒரு கடுதாசி எழுதிச்சு. ஏழு நாளும் வேலை, ராத்திரி பத்து மணிக்கு வூட்டுக்கு வர்றாரு, ஓட்டி காசும் இல்ல, மாத்து லீவும் இல்லன்னு. ஒலகமே படிச்சுது. படம் போடறவங்க போட்ட கேஸ்ல 1 கோடியே 56 லட்சம் டாலரு, ப்ரோகிராம் எழுதறவங்க கேஸ்ல 1 கோடியே 49 லட்சம் டாலரு கம்பெனி எண்ணி வச்சுது. அத்தினி வாத்தியாரும் வக்கீலும் இருந்த ஊருல, கல்யாணத்துக்குக் காத்துகினு இருந்த பொண்ணு வாயைத் தொறந்தாத்தான் விடிஞ்சுது.

எங்க காலத்துல 1948ஆம் வருஷத்து ஃபேக்டரி சட்டம். ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம், வாரத்துக்கு நாப்பத்தெட்டு. மேல போனா ரெட்டைச் சம்பளம். மொதலாளி நல்லவனா கெட்டவனான்ற பேச்சே இல்ல. டபுள் குடுக்கணுமேன்ற வலி இருக்கறதாலயே ஆறு மணிக்கு "போங்கடா வூட்டுக்கு"ன்னுவான். 2023 ஏப்ரல்ல பன்னெண்டு மணி நேரம் வேலை வாங்கலாம்னு நம்ம சட்டசபையிலயே ஒரு மசோதா பாஸ் பண்ணாங்க, தொழிற்சங்கமெல்லாம் எழுந்து நிக்கவும் மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சரு சொல்லிட்டாரு. அப்ப நீ வாட்சப்புல இன்னா போட்ட, ஞாபகம் இருக்குதா? "பன்னெண்டு மணி நேரமா, அநியாயம்"னு போட்ட. இப்ப நீ போற தொழில்ல, 2018ல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வரச்சொல்ல, ராக்ஸ்டார் கம்பெனி பெரியவரு டான் ஹவுசரு, வாரத்துக்கு நூறு மணி நேரம் ஒழைச்சோம்னு பெருமையா சொல்லி மாட்டிகினாரு. அப்புறம், எழுதற நாலு பேரு மட்டும்தான்னு மாத்தினாரு. 2020ல போலந்துல சைபர்பங்க் 2077 ஆட்டத்துக்கு, கட்டாய ஓட்டி கெடையாதுன்னு வாக்குக் குடுத்துட்டு, கடைசியில வாரத்துக்கு ஆறு நாளு வரவச்சாங்க. உன்னை யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க கண்ணு. "உனக்கு இந்த ஆட்டத்து மேல ஆசை இல்லையா"ன்னு மட்டும் கேப்பாங்க. எங்க ஃபோர்மேனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. நாங்க கடையற புஷ்ஷிங்கு மேல உனக்கு ஆசை இல்லையாடான்னு எங்களை அவன் கேட்டிருந்தா ஷாப்பே சிரிச்சிருக்கும்.

எல்லாக் கம்பெனியும் மோசம்னு நான் சொல்லல. பின்லாந்துல சூப்பர்செல்னு ஒண்ணு, 2010ல ஆரம்பிச்சது. நீ ராத்திரியெல்லாம் வெளையாடுவியே கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், அவன்துதான். சின்னச் சின்ன கூட்டமா ஆளுங்களைப் பிரிச்சு வுட்டிருக்கான். ஆட்டம் தோத்துப்போனா ஷாம்பேன் ஒடைப்பாங்களாம். நான் ஸ்கிராப் பண்ண ஜாப்புக்கெல்லாம் ஷாம்பேன் ஊத்தியிருந்தா என் கல்லீரலு ரிட்டயர்மென்டு வரைக்கும் தாங்கியிருக்காது. ஆனா சாராயத்தை வுடு, அதுல வேற ஒண்ணு இருக்குது. ஆட்டம் சரியா வரலன்னா நிறுத்திடலாம்னு முடிவு பண்றது அந்தக் கூட்டத்து ஆளுங்களேதானாம், மேலேருக்கற தலைவரு இல்கா பானனென் இல்ல. நான் சொன்ன கயிறு அங்க தொங்குது. 2016ல சீனாக்காரன் டென்சென்டு 860 கோடி டாலருக்கு அதுல பெரும்பங்கு வாங்கினான்.

ஜப்பான்ல நின்டெண்டோ. வீ யூன்னு ஒரு மெஷினு விட்டாங்க, விக்கல. பங்குக்காரங்க ஆளைக் கொறைன்னாங்க. தலைவரா இருந்த சடோரு இவாட்டா, நாளைக்கு வேலை இருக்குமோன்னு பயந்துகினு இருக்கறவன் நல்ல ஆட்டம் எப்படிப் பண்ணுவான்னு சொல்லி மறுத்துட்டாரு. 2014ல தன் சம்பளத்துல பாதியை அஞ்சு மாசத்துக்கு வெட்டிகினாரு. அவருக்குப் பதவி இருந்துச்சு, எல்லாரும் குனிஞ்சு வணக்கம் வச்சாங்க. பாஸுன்னா பாஸுதான். அந்த மாதிரி பாஸ் கெடைச்சா மேசைக்கு ஆணி அடிச்சிட்டு அங்கயே குந்திக்க.

ஃபிரான்சுல மோஷன் ட்வின்னு ஒரு கூட்டம் இருக்குது, டெட் செல்ஸ்னு ஆட்டம் பண்ணவங்க. நம்ம ஊரு கூட்டுறவு சங்கமாட்டம், வேலை செய்யறவங்களே சொந்தக்காரங்க, எல்லாருக்கும் ஒரே சம்பளம். ஷேரு எழுத்துல இருக்குது. எழுத்துல இருக்கற சமத்துக்கு நான் மொத ஆளா கை தூக்குவேன். வாயில இருக்கற சமத்துக்கு மிக்சரு தட்டு வந்தாப் பாக்கலாம்.

அப்புறம் உங்க ஆயாவுக்கு நீ காட்டினியே வெண்பா, டொரோன்டோவுல விசை கேம்ஸ்னு ஒரு கம்பெனி 2023ல பண்ண ஆட்டம். கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, மங்கிக் கிழிஞ்ச சமையல் குறிப்பை வச்சிகினு இட்லி ஊத்தறது. அதுக்கு 2024ல லண்டன்ல பாஃப்டா விருது குடுத்தாங்கன்னதும் ஆயா மொகத்தைப் பாக்கணுமே. "நான் இத்தினி வருஷமா ஊத்தறேன், உங்க தாத்தன் ஒரு நாளு நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல"ன்னா. அதை ஏன் காட்டின நீ?

சரி, பாஸைக் கண்டுபுடிக்கற வழி சொல்றேன், காதைக் குடு. மீட்டிங்குல யாரு அதிகமா பேசறான்னு பாக்காத, யாரு உள்ள வந்ததும் மத்தவங்க சிரிப்பு அரை நொடி லேட்டா நிக்குதுன்னு பாரு. ஏசி ரிமோட்டு யாரு மேசையில இருக்குதுன்னு பாரு. எல்லாரும் குளுருதுன்னு ஸ்வெட்டரு போட்டுகினு இருப்பான், ஆனா ஒருத்தன் மட்டும்தான் அதை எடுத்து அமுக்குவான். கேட்டுல செக்யூரிட்டி யாரைப் பாத்தா சேரை வுட்டு எழுந்துக்கறான்னு பாரு. அவனுக்குக் கையேடு யாரும் படிச்சுக் காட்டியிருக்க மாட்டாங்க, அவனுக்குத் தெரியும். டீ கொண்டாற அக்காவுக்கு அதுக்கு மேல தெரியும். அவங்களுக்குத் தீபாவளிக்கு ஒரு பொடவை எடுத்துக் குடு, உனக்கு அப்ரைசலே வாணாம்.

போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு எழுத்துல வாங்கிக்க. ஒம்பது மணி நேரத்துக்கு மேல குந்த வச்சா இன்னா குடுப்பீங்க, காசா, லீவா? நாங்க ஒரு குடும்பம் மாதிரின்னு பதில் வந்தா, சொத்துல எம்பங்கு எவ்வளவுன்னு கேளு.

மத்ததெல்லாம், அதான் கயிறு, டோக்கன் போர்டு, யாரு பாஸு, இதெல்லாம் வாயைத் தொறந்து கேட்டுடாத. ப்ரொபேஷன் முடியற வரைக்கும் நீயும் "ப்ரோ" போட்டுகினு பீன் பேக்லயே கெட. பெங்களூருலயும் ஐடி ஆளுங்களுக்குன்னு 2017லயிருந்து சங்கம் இருக்குதாம், அதுக்கு சந்தா கட்டறதும் கன்ஃபர்மேஷன் லெட்டரு கைக்கு வந்தப்பறம். எங்க ஷாப்புல கமிட்டிக்கு நின்னு மேசையைத் தட்டினவன் ஒருத்தன் பாக்கியில்லாம பர்மனென்டு ஆனப்பறம்தான் தட்டினான். நானும்தான்.